வெள்ளையனைக் கொடுப்பதா, கறுப்பனைக் கொடுப்பதா?

பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ஊரிலிருந்து 57 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். பால் வெட்டிலும் செம்பனையிலும் முப்பது ஆண்டு உழைத்தவர். சேமநிதிப் பணத்தில் கணவரும் அவரும் செம்மறி வளர்க்கிறார்கள். 56 பெட்டைகள், இரண்டு கிடாக்கள். டோர்ப்பர் இனக் கலப்பான ‘வெள்ளைய’னுக்கு நாலு வயது. சென்ற ஆண்டு 3,800 வெள்ளிக்கு வாங்கியது. பார்படோஸ் இனக் கலப்பான ‘கறுப்பன்’ இவர்கள் பட்டியிலேயே பிறந்தவன், இப்போது 20 மாதம்.

மார்ச் 2ஆம் தேதி பெட்டைகளைப் பிரித்து, நல்ல ஆடுகளாகப் பார்த்து 36ஐ வெள்ளையனிடமும் மீதி 20ஐக் கறுப்பனிடமும் விட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து ஏப்ரல் 13 அன்று கிடாக்களைப் பிரித்தாயிற்று. கறுப்பன் பக்கம் 16 பெட்டைகள் ஈன்றன. வெள்ளையன் பக்கம் கடைசிவரை 11தான், ஆகஸ்டில் மூன்றே மூன்று. சந்தேகம் வந்து அப்போதே இரண்டுக்கும் விந்துப் பரிசோதனை செய்தால் முடிவு தலைகீழாக இருக்கிறது. வெள்ளையனுக்கு 1.2 மில்லி, பாலாடை நிறம், அலையசைவு (விந்து மொத்தமாகப் புரளும் வேகம்) 4, நகரும் விந்தணு 80 சதவீதம். கறுப்பனுக்கு 1.6 மில்லி, நீர்த்த பால், நகர்வது 20 சதவீதம்.

மகன் பரிசோதனைத் தாளைக் காட்டி வெள்ளையனை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கணவர் குட்டிகளைக் காட்டிக் கறுப்பன்தான் என்கிறார். தீபாவளிக்கு ஒரு கிடா வேண்டும் என்று வியாபாரி வாசலில் நிற்கிறார். “எதைக் கொடுப்பது? பரிசோதனையே பொய்யா? வெள்ளையனை விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?” இவைதான் கேள்விகள்.

அம்மா, இரண்டில் எதையும் இந்தத் தீபாவளிக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் கணவர் சொல்வதும் சரி, மகன் சொல்வதும் சரி. பட்டியும் பொய் சொல்லவில்லை, வெள்ளையனின் தாளும் பொய் சொல்லவில்லை. கறுப்பனின் தாளை மட்டும் கிழித்துப் போட்டுவிடலாம். ஏன் என்று சொல்கிறேன்.

பிப்ரவரிக் காய்ச்சல்

கடிதத்தின் நடுவில், வேறெதையோ சொல்லும்போது ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “பிப்ரவரி 12 வாக்கில் வெள்ளையனுக்குப் பின்னங்கால் குளம்பில் சீழ் வைத்து, நாலு நாள் காய்ச்சல், ஊசி போட்டு சரியாகிவிட்டது.” சரியானது கால். விதை சரியாக இன்னும் இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

செம்மறிக் கிடாவின் விதையில் ஒரு விந்தணு உருவாகி முடிக்க ஏறத்தாழ 49 நாள் பிடிக்கும். பிறகு விதையை ஒட்டியுள்ள சுருள்குழலில் முதிர்ந்து வெளியேற இன்னும் 10 முதல் 14 நாள். ஆக, இன்று வரும் விந்து இரண்டு மாதத்துக்கு முன் தொடங்கிய வேலை. கிடாவின் உடல்சூடு 39 டிகிரி இருக்கும்போது விதைப்பை அதைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் அது உடம்புக்கு வெளியே தொங்குகிறது. காய்ச்சல் வந்தால் அந்த ஏற்பாடு குலைகிறது. அன்று பாதி வளர்ச்சியில் இருந்த அணுக்கள் தலை கழன்றும் வால் சுருண்டும் இரண்டாம் வாரம் முதல் வெளிவரத் தொடங்கும். விந்து பழைய நிலைக்குத் திரும்ப ஏழெட்டு வாரம் ஆகும்.

இப்போது நாள்காட்டியை எடுங்கள். காய்ச்சலுக்குப் பின் 18ஆம் நாள் நீங்கள் வெள்ளையனைப் பெட்டைகளோடு விட்டீர்கள், 60ஆம் நாள் பிரித்தீர்கள். மோசமான விந்து வரும் காலம் முழுவதும் அவன் வேலையில் இருந்திருக்கிறான். ஆகஸ்டில் பரிசோதித்தபோது காய்ச்சல் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. தாளில் இருப்பது ஜூன், ஜூலையில் உருவான விந்து. மார்ச்சில் என்ன இருந்தது என்பதை அந்தத் தாள் சொல்லவே முடியாது.

இது என் ஊகம் மட்டுமில்லை என்பதற்கு உங்கள் ஈற்றுக் குறிப்பே சாட்சி. வெள்ளையனிடம் ஈன்ற 11 பெட்டைகளில் மூன்று ஜூலைக் கடைசியிலும் எட்டு ஆகஸ்ட் 30க்குப் பிறகும் ஈன்றதாக எழுதியிருக்கிறீர்கள். செம்மறியின் சினைக்காலம் சுமார் 148 நாள். ஆகஸ்ட் 30இலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஏப்ரல் 4 வருகிறது, அதாவது காய்ச்சலுக்குப் பின் 51ஆம் நாள். முதலில் பிடித்த மூன்றும் சுருள்குழலில் ஏற்கெனவே சேர்ந்திருந்த விந்தின் மிச்சமாக இருக்கலாம். நடுவில் ஒரு மாதம் வெறுமை. விந்து தேறியதும் கடைசிப் பத்து நாளில் எட்டு. நோட்டில் தேதி எழுதி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள் அம்மா. எந்த ஆய்வகமும் இதைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்காது.

“பெட்டைகள்தான் சரியில்லை, 17, 18 நாளில் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தன” என்று அவற்றின் மேல் பழி போட்டிருக்கிறீர்கள். செம்மறிப் பெட்டையின் பருவச் சுற்றே சுமார் 17 நாள்தான். ஒழுங்காகத் திரும்பி வருகிற பெட்டைக்குச் சினைமுட்டை ஒழுங்காக வருகிறது என்று பொருள், குறை பெரும்பாலும் மேலே ஏறுகிற பக்கம்தான். ஒன்றிரண்டு ஆடு திரும்பினால் ஆட்டைப் பார்க்கலாம். பட்டியே திரும்பினால் கிடாவைப் பாருங்கள்.

கறுப்பனின் விந்து செத்தது எங்கே?

ஐஸ் பெட்டியில்.

வெள்ளையனை லோரியில் ஏற்றி மருந்தகத்துக்கே கொண்டுபோயிருக்கிறீர்கள். எடுத்த இடத்திலேயே பார்த்தார்கள். கறுப்பனுக்கு, ஆட்டுக்குச் சினையூசி போடுகிறவர் ஒருவர் கொட்டகைக்கே வந்து, மலக்குடலில் நுழைத்து மின்சாரம் கொடுக்கும் மின்தூண்டல் கருவியால் எடுத்து, குழாயை மீன் வாங்கப் போகும் பெட்டியில் ஐஸுக்கு நடுவே வைத்து, 50 நிமிடம் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோயிருக்கிறார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ரத்தமோ சாணமோ என்றால் ஐஸில் வைப்பதுதான் முறை. விந்துக்கு அது எமன். 37 டிகிரியில் வெளிவரும் விந்தணு, காப்புத் திரவம் சேர்க்காமல் சட்டென்று குளிர்ந்தால் அதன் மேல்சவ்வு விரிசல் விடும், வால் வளையும், ஓட்டம் நிற்கும். பிறகு சூடாக்கினாலும் திரும்பாது. குழாயைக் கழுவிய ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமிருந்தாலும் இதே கதிதான். நீர் உள்ளே ஏறி வால் சுருண்டுகொள்ளும்.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. மின்தூண்டலில் எடுத்தால் துணைச் சுரப்பிகளின் நீர் அதிகம் கலக்கும். அளவு கூடும், விந்து நீர்த்துப்போகும். அதனால் 1.6 மில்லி என்பதோ நீர்த்த பால் நிறம் என்பதோ குறையில்லை, அதை வைத்து அடர்த்தியைத் தீர்மானிக்கவே கூடாது. அடுத்து, ஏப்ரல் 13க்குப் பிறகு கறுப்பன் நாலு மாதம் பெட்டை பக்கம் போகவில்லை. நீண்ட ஓய்வுக்குப் பின் முதலில் வருவது தேங்கிக் கிடந்த கிழட்டு விந்து, தலை கழன்ற அணுக்கள் நிறைய இருக்கும். குழாயைத் திறந்ததும் துருத்தண்ணீர் வருவதுபோல. அரைமணி விட்டு இரண்டாம் முறை எடுத்துப் பார்க்க வேண்டும், சில நேரம் மூன்றாம் முறையும்.

அந்தக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. அது கிடாவுக்கு வலி தரும். பழகாத கையில் குடலைப் புண்ணாக்கும். கால்நடை மருத்துவர் இல்லாமல் இனி அனுமதிக்காதீர்கள்.

தாள் சொல்வதும் சொல்லாததும்

மகனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்: விந்துப் பரிசோதனை பள்ளிக்கூட மதிப்பெண் இல்லை. உதவாத கிடாவைக் கண்டுபிடிப்பதில் அது கெட்டி. உதவுகிற இரண்டு கிடாக்களில் எது மேல் என்று சொல்வதில் அது பலவீனம். பாலாடை நிற விந்தில் ஒரு மில்லிக்கு 350 கோடிக்கு மேல் அணுக்கள் இருக்கும். அதில் 80 சதவீதம் ஓடினாலும் 60 சதவீதம் ஓடினாலும் பெட்டைக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு மிச்சம். 20 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் உள்ள தூரம்தான் குட்டிக் கணக்கில் தெரியும். நாட்டுக்கு நாடு வரம்பு மாறுகிறது. நேராக முன்னோக்கி ஓடுபவை 30 சதவீதம் போதும் என்பவர்களும் உண்டு, 60 கேட்பவர்களும் உண்டு. உருவம் சரியாக உள்ளவை 50 முதல் 70 சதவீதம் என்பார்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் வெள்ளையனின் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘உருவக் குறைபாடு’ என்ற கட்டம் வெற்றாக இருக்கிறது. சாயம் போட்டுப் பார்க்கவேயில்லை. நன்றாக ஓடுகிற விந்தணுவும் தலை கோணியோ முதிராததன் அடையாளமாகக் கழுத்தில் ஒரு சொட்டு ஒட்டியோ இருக்கலாம். ஓட்டத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படாது. மறுபரிசோதனையில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது

இரண்டு கிடாக்களையும் மருந்தகத்துக்கே கொண்டுபோங்கள். காலையில், வெயில் ஏறுமுன். முடிந்தால் பருவத்தில் உள்ள ஒரு பெட்டையையும் கூட்டிப் போங்கள். பெட்டையின் உறுப்புப்போல் செய்த செயற்கைக் குழலில் எடுத்த விந்துதான் நம்பகமானது, கிடா ஆசையோடு ஏறுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். தாள் அதைச் சொல்லாது. ஓட்டம் 90 சதவீதம் இருந்தும் பெட்டையைத் திரும்பிப் பார்க்காத கிடாக்கள் உண்டு.

எடுத்த விந்து 37 டிகிரிக்குச் சூடாக்கிய கண்ணாடித் தகட்டில்தான் விழ வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் இது தேவையா என்று தோன்றும். குளிர்சாதன அறை மேசையில் கிடக்கும் தகடு 22 டிகிரி இருக்கும் அம்மா, அதுவே போதும் கெடுக்க. முதலில் மூடுதகடு இல்லாமல் ஒரு சொட்டை வைத்து ஓரத்தைப் பார்ப்பார்கள். பானையில் கஞ்சி கொதித்துச் சுழல்வதுபோல் அலையலையாகப் புரண்டால் 4 அல்லது 5. பிறகு அதே சூட்டில் உள்ள உப்புக்கரைசலில் நீர்க்கவைத்து, தனித்தனி அணுக்கள் நேராக ஓடுகின்றனவா, இருந்த இடத்திலேயே வட்டமடிக்கின்றனவா என்று எண்ணுவார்கள். மூன்றாவதாக ஈயோசின்-நிக்ரோசின் சாயத்தில் குறைந்தது 100 அணுக்கள், 200 என்றால் இன்னும் நல்லது. செத்தவை இளஞ்சிவப்பாகவும் உயிருள்ளவை வெள்ளையாகவும் தெரியும், உருவமும் அப்போதே எண்ணப்படும். வெள்ளணுக்கள் நிறைய இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். இருந்தால் உள்ளே அழற்சி. விந்து மஞ்சளாக இருந்தால் சிறுநீர் கலந்திருக்கிறது, மறுபடி எடுக்கச் சொல்லலாம். இளஞ்சிவப்பாக இருந்தால் ரத்தம், காரணம் தேட வேண்டும்.

விந்து எடுக்குமுன் விதைகளைக் கையால் பார்ப்பது முக்கியம், இதை நீங்களே வீட்டில் செய்யலாம். கிடாவை நிற்கவைத்துப் பின்னாலிருந்து, விதைப்பையின் கழுத்தை ஒரு கையால் பிடித்து இரண்டு விதைகளையும் அடிவரை இறக்குங்கள். பெருவிரல் பக்கவாட்டில் இருக்கட்டும், நடுவில் நுழைத்தால் விதைகள் விலகி அளவு கூடிவிடும். தையல் நாடாவை மிக அகன்ற இடத்தில், தோல் அமுங்காமல் சுற்றுங்கள். 14 மாதத்துக்கு மேற்பட்ட பெரிய இனக் கிடாவுக்கு 33 செ.மீ. வேண்டும். வெள்ளையனுக்கு 35 இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. கறுப்பனின் பார்படோஸ் ரத்தத்துக்கு ஓரிரு செ.மீ. குறைந்தாலும் நான் கவலைப்பட மாட்டேன். பிறகு அழுத்திப் பாருங்கள். இரண்டும் சம அளவாக, பைக்குள் வழுக்கி நகர்வதாக, மடக்கிய கையின் சதைபோல் திண்ணமாக இருக்க வேண்டும். பழுத்த பப்பாளிபோல் தளர்ந்திருந்தால் விந்து குறைவு. அடியில் ஒவ்வொரு விதைக்கும் ஒரு கொட்டைப்பாக்கு அளவுத் திரட்சி தட்டுப்படும், அது சுருள்குழலின் வால், இருக்க வேண்டியதுதான். ஒரு பக்கம் மட்டும் வீங்கிக் கல்லாகிச் சூடாக இருந்தால் கிடாவை உடனே தனியே கட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

அந்த வீக்கத்துக்கு ஒரு காரணம் புருசெல்லா கிருமி. காய்ச்சல்தான் காரணம் என்று நான் நினைத்தாலும், வெளியூரிலிருந்து வந்த கிடா, 25 பெட்டைகள் ஈனவில்லை என்னும்போது இதைத் தள்ளிவிட முடியாது. ஆட்டினத்தைத் தாக்கும் மெலிட்டென்சிஸ் வகை மனிதருக்கும் தொற்றும். 2011இல் பினாங்கில் காய்ச்சாத ஆட்டுப்பால் குடித்தவர்களிடம் பரவியது இதுதான். மாவட்டக் கால்நடைச் சேவை இலாகாவில் சொன்னால் ரத்தம் எடுப்பார்கள். நோய் உறுதியானால் அந்த ஆட்டை அகற்றத்தான் வேண்டும். அந்தப் பயத்தில் பலர் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் அதே கொட்டகையில்தான் விளையாடுகின்றன. முடிவு வரும்வரை நஞ்சுக்கொடியையோ கலைந்த கருவையோ வெறுங்கையால் தொடாதீர்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

தீனி, கூரை

“விலை கொடுத்து வாங்கியது” என்று மகன் வெள்ளையனுக்குத் தினம் ஒரு கிலோ செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு வைக்கிறாராம். பாசம் புரிகிறது, ஆனால் குறைக்கச் சொல்லுங்கள். அந்தப் புண்ணாக்கில் செம்புச் சத்து அதிகம். மாடு தாங்கும், செம்மறி தாங்காது. மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று கண் மஞ்சளாகி, சிறுநீர் கோப்பி நிறமாகி விழுந்துவிடும். மொத்தத் தீனியில் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. வெள்ளையன் உடம்புக்கு அது அரைக் கிலோவை ஒட்டி வரும். கொழுத்த கிடாவின் விதைப்பைக் கழுத்தில் கொழுப்புப் படிந்தால் சூடும் வெளியேறாது. மதியம் துத்தநாகக் கூரைக்கு நேர் கீழே கட்டாமல், மரநிழலில் காற்றாட விடுங்கள்.

விற்றவரிடம் பணம் கேட்கலாமா?

கேட்பதற்கு வலுவில்லை அம்மா. 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தில், சொன்ன காரியத்துக்குப் பொருள் உதவ வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் குறை விற்கும்போதே இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். உங்கள் கையில் உள்ள ஆகஸ்ட் தாள் கிடா நன்றாக இருக்கிறது என்கிறது, காய்ச்சல் வந்தது உங்கள் கொட்டகையில். அவரிடம் சண்டைக்குப் போனால் தோற்பது மட்டுமில்லை, அடுத்த கிடா வாங்க ஆளும் போய்விடும். இனி வாங்கும்போது, புருசெல்லா ரத்தப் பரிசோதனைத் தாளும், வாங்கி 60 நாளுக்குள் மறுபரிசோதனையில் தவறினால் மாற்றித் தருவேன் என்ற ஒரு வரியும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வந்த கிடாவை 30 நாள் தனியே வைத்திருங்கள்.

அடுத்த சேர்க்கை

ரத்தமும் விந்தும் சரி என்று வந்தால், ஈனாத 25 பெட்டைகளையும் வெள்ளையனிடமே விடுங்கள். சேர்ப்பதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் காய்ச்சலோ கால்புண்ணோ வந்திருந்தால் மட்டும் கறுப்பனை அனுப்புங்கள். தீபாவளி வியாபாரிக்கு வளர்ந்த ஆண்குட்டி இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் அடுத்த ஆண்டு வரச் சொல்லுங்கள்.

கிடாவின் நெஞ்சில் சாயம் பூசிவிடுங்கள், அது ஏறிய பெட்டையின் முதுகில் ஒட்டும். வர்ணப் பொடியைச் சமையல் எண்ணெயில் குழைத்து இரண்டு மூன்று நாளுக்கொரு முறை தடவினால் போதும். சுவர்ப் பெயிண்டும் எஞ்சின் எண்ணெயும் வேண்டாம், தோல் வெந்துவிடும். நெஞ்சில் கட்டும் வார்ப்பட்டையோடு வரும் மெழுகுக்கட்டி வாங்குவதானால் வெப்ப ஊருக்கான கெட்டி வகையாகக் கேளுங்கள், மற்றது நம் வெயிலில் வழிந்துவிடும். முதல் 17 நாள் மஞ்சள், அடுத்த 17 நாள் சிவப்பு, பிறகு நீலம். வெளிர் நிறத்தில் தொடங்கினால்தான் மேலே விழும் அடுத்த நிறம் தெரியும். எந்தப் பெட்டையின் முதுகில் எந்தத் தேதி எந்த நிறம் என்று அதே நோட்டில் எழுதுங்கள். நல்ல கிடாவானால் முதல் சுற்றிலேயே பத்துக்கு ஏழு பெட்டையாவது சினை பிடிக்கும். சிவப்பு விழுந்தால் சினை பிடிக்காமல் திரும்பியது என்று பொருள், 25இல் ஏழெட்டு என்றால் பரவாயில்லை. 12, 13 முதுகு சிவந்துவிட்டால் நீலத்துக்குக் காத்திராமல் அன்றே வெள்ளையனைப் பிடித்துக் கட்டிவிட்டுக் கறுப்பனை உள்ளே விடுங்கள்.